ஒண்ணுமில்ல டப்பா

திரையில் எந்தப் பெட்டி முளைத்தாலும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ‘சரி’யை அழுத்துகிற முட்டாள் நான். கல்யாணத்துக்கும் அப்படித்தான் தலையாட்டினேன் என்று என் மனைவி செல்வி சொல்வாள். அந்தச் ‘சரி’யில் எப்படியோ தப்பித்துக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன் அழுத்திய ‘சரி’ அப்படி இல்லை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அப்போது பதினான்கு வயது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, பக்கத்து வீட்டுச் சண்டையை முழுசாகக் கேட்டுவிட்டு வந்தால் அப்போதுதான் கண் திறக்கும். ‘ஆபரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டது, புதுசுக்கு மாறவும்’ என்று ஒரு பெட்டி தினமும் வந்து நின்றது. ஒருநாள் வழக்கம்போல ‘சரி’. பாதி வழியில் திரை நீலமாகி, அப்படியே விறைத்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தூக்கி ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு அழுவீரா அண்ணாச்சியிடம் போனேன்.

தூத்துக்குடியில் யார் எதற்கு அழுவார்கள் என்பது ஊரிலுள்ள டாக்டர், வக்கீல், ஜோசியர், பாதிரியார் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது; கேட்கிற கேள்வியே பெயராகிவிட்டது. கடைக்குள் காலை வைத்ததும் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டிவிட்டுக் கேட்பார்: “எது போச்சுன்னா அழுவீரு? எழுதும்.”

எழுதிக் கொடுக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டார். மெஷினைத் திறந்து, அதிலிருந்தே எது எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார். உள்ளே கரி படிந்திருந்தால் துறைமுகப் பக்கம். ஸ்க்ரூவில் வெள்ளை பூத்திருந்தால் உப்பளப் பக்கம். ஒருமுறை மூடியைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டு, “இது புன்னைக்காயல் பொட்டி. கம்ப்யூட்டர் மேல வச்சு மீனு வெட்டுனீராவே?” என்று கேட்டார். கொண்டுவந்தவர் மறுக்கவில்லை.

ஒரு லாரி ஆபீஸ் முதலாளி அவசரத்தில் ‘எல்லாம்’ என்று எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “ஒரு ஆளு எல்லாத்துக்குமா அழுவாரு? போயி யோசிச்சிட்டு வாரும்.” இன்னொரு நாள் ஒரு தம்பதி. ஆளுக்கொரு தாள் வாங்கித் தனித்தனியாக எழுதினார்கள். கணவன் தாளில் கிரிக்கெட் வீடியோ முதலிடம், கல்யாண ஆல்பம் எட்டாவது இடம். மனைவி தாளில் கல்யாண ஆல்பமே இல்லை. கடையிலேயே சண்டை. அண்ணாச்சி நடுவில் நுழையவில்லை. இரண்டு பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார்.

என் முறை வந்தது. எனக்குப் பின்னால் துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கிற எங்கள் கிளியரிங் ஆபீஸின் மேனேஜர் தன் லேப்டாப்போடு நின்றுகொண்டிருந்தார். ஆபீஸில் நான் பெரிய நவீன மனிதன் என்று பெயர் வாங்கி வைத்திருந்தேன். ஆகவே தாளில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி, அடிக்கோடிட்டு, கையெழுத்தும் போட்டேன்.

“ஒண்ணுமே இல்லயா ஓய்?”

“பழசக் கட்டிக்கிட்டு அழுவுத ஆளு நான் இல்ல அண்ணாச்சி.”

“பத்திரிகைல என்னமோ எழுதுதீராமே, அது?”

“அது போனா நாலு பேரு சந்தோசப்படுவாங்க.”

மேனேஜர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் இளமையோடு திரும்பி வந்தது. ஸ்விட்சிலிருந்து கையை எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுச் சண்டையில் பாதி எனக்குத் தெரியாமலே போயிற்று. உள்ளே வெள்ளையடித்த காலி வீடு மாதிரி அவ்வளவு சுத்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து மகள் பவித்ரா போன் செய்தாள். பயிற்சி முடிந்து, பத்து நாளில் முதல் கப்பலில் வேலைக்கு ஏறப்போகிறாள்.

“அப்பா, எட்டு வயசுல நம்ம கம்ப்யூட்டர்ல வரைஞ்சேன்லா, கால் வச்ச கப்பலு. அத பிரிண்ட் போட்டு அனுப்புங்க. கேபின்ல ஒட்டணும்.”

அவளைத் துறைமுகத்துக்கு முதல்முதலாகக் கூட்டிப் போனபோது, இவ்வளவு பெரிய கப்பல் தண்ணீரில் எப்படி நிற்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல், கீழே கால் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்கு வந்து கப்பலுக்கு எட்டுக் கால் வரைந்தாள். எட்டுக்கும் செருப்பு போட்டாள். மேல்தளத்தில் கையாட்டுகிற ஒரு குச்சி மனிதன், பக்கத்தில் ‘அப்பா’ என்று எழுத்து.

“சரிம்மா” என்றேன். இதையும் யோசிக்காமல்தான்.

“ஏன் மொகம் இப்படி வெளுத்துக் கெடக்கு?” என்று செல்வி கேட்டாள். உப்புக் காற்று என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி ஷட்டரைத் தூக்கும்போதே கீழே குனிந்து நுழைந்தேன்.

“என்ன ஓய், அழுதாச்சா?”

“இன்னும் இல்ல அண்ணாச்சி. இங்கன வச்சு அழலாம்னு வந்தேன்.”

தாளும் பேனாவும் வந்தன. ‘கால் வைத்த கப்பல்’ என்று எழுதினேன்.

“வேற?”

திருச்செந்தூர் கடற்கரையில் செல்வியின் ஒற்றைச் செருப்பை அலை கொண்டுபோனபோது அவள் என்னை முறைத்த போட்டோ.

“வேற?”

தாளின் முன்பக்கம் தீர்ந்து பின்பக்கம் போனது. நான் எழுதிய கட்டுரைகள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. எனக்கே அது கொஞ்சம் வருத்தம்தான். போதும் என்று பேனாவை வைத்த பிறகு, அண்ணாச்சி ஸ்டூலில் ஏறி அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். மூடியில் மார்க்கரால் எழுதியிருந்தது: ‘ஒண்ணுமில்ல’.

உள்ளே பதினோரு பழைய ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றும் உறையில், உறைமேல் பெயர். என்னுடையதற்கு அடுத்து இருந்தது எங்கள் மேனேஜருடையது.

“ஒமக்கு புது டிஸ்க்லதான் ஏத்திக் கொடுத்தேன். ஒண்ணுமில்லன்னு எழுதுதவன் டிஸ்க்க மட்டும் நான் அழிக்கதே இல்ல.”

“நாங்க வராமலே போயிட்டா?”

“சில ஆளு மறுநாளே வாரான். சில ஆளு ரெண்டு வருசம் கழிச்சு வாரான்.”

அந்த எட்டுக்கால் கப்பல் இப்போது ஏதோ ஒரு சமுத்திரத்தில் இன்னொரு கப்பலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இது எந்த ஊர்க் கப்பல் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்டால், எங்கள் தூத்துக்குடியில் எல்லாக் கப்பலும் இப்படித்தான் என்று பவித்ரா சொல்கிறாளாம்.

அண்ணாச்சி போன வருடம் ஆத்தூரில் மாமனார் வீட்டு வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். போவதற்கு முன், டப்பாவில் மீதமிருந்ததையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி, வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டுத்தான் போனார். எங்கள் மேனேஜர் தன்னுடையதை வாங்கிக்கொண்டு அன்று மத்தியானம் லீவு போட்டார். யாரும் காரணம் கேட்கவில்லை.

போன மாதம் அதே கம்ப்யூட்டரில் அதே பெட்டி மறுபடியும் முளைத்தது. இதுவும் பழசாகிவிட்டதாம், மாறவும். வாழ்க்கையில் முதல்முறையாக அதை முழுசாகப் படித்தேன். விரல் ‘சரி’ வரைக்கும் போய்த் திரும்பியது. ஆபீஸில் இதையெல்லாம் செய்து தர இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் ஆத்தூருக்குப் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, மறுபடியும் மாறச் சொல்லுது. இந்தத் தடவ அழுத்தட்டுமா?”

“மொதல்ல பேனாவ எடும் ஓய்.”