இருபத்தேழாம் படிவமும் அம்மாவின் தையல் மெசினும்

பயங்கரவாதத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. நீண்ட காலமில்லை, ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் என்னோடு ஒரே வீட்டில் சோறு தின்றவர்களின் பொறுமையை நினைத்தால் இப்போதும் கைகூப்பத் தோன்றுகிறது.

கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி, வடக்கில் அது முடியாமல் இருந்த நேரம். சுனாமி எங்கள் செட்டிபாளையத்தைக் கழுவிவிட்டுப் போய் மூன்று வருடம் கடந்திருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டுத் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தேன் ('தற்காலிக', 'உதவி' என்ற இரண்டு சொற்களையும் நான் வெளியில் சொல்வதில்லை). கொழும்பில் ஓர் ஆய்வு வட்டம், பயங்கரவாதத்தை அறிவியல், இலக்கியம், போரியல் என்ற மூன்று நோக்கில் ஆராயும் கருத்தரங்கு ஒன்றை அறிவித்தது. சிறந்த கட்டுரைக்கு வெளிநாட்டில் கலாநிதி, அதாவது டொக்டர் பட்டப் படிப்புக்கான புலமைப்பரிசில். மற்றவர்கள் ஆளுக்கொரு நோக்கை எடுத்து அடக்கமாக எழுதினார்கள். நான் மூன்றையும் எடுத்தேன்.

கட்டுரையின் தலைப்பு மட்டும் நாலு வரி. அதை ஒரே மூச்சில் சொல்லிப் பழகி அம்மாவுக்குச் சொல்லிக் காட்டினேன். அம்மா மீன் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "இதுல நம்மட ஊரு எங்க புள்ள கிடக்கு?" என்றார். அறிவுலகம் எப்போதும் இப்படித்தான் அவமதிக்கப்படுகிறது என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன்.

அறிவியல் பகுதிக்கு எண்கள் வேண்டும். எழுபத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்தேன். முதல் மூன்று: பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி. சில ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே பொய்யாக நிரப்பிவிடுகிறார்கள் என்பதால், மூலப் படிவங்களைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று கொழும்பிலிருந்து எழுதியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் கரையில் படிவத்தோடு ஆள் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், பின்னால் சாமான் வருகிறது. கூடாரம், பானை, வலை எல்லாம் அப்படித்தான் வந்தன. நான் சைக்கிளை நிறுத்திப் பூட்டுவதற்குள் எங்கள் வளவில் வரிசை நின்றது.

"குண்டுச் சத்தம் எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்?"

"ரெண்டு எண்டு போடு புள்ள. இல்ல, பொறு, ஒம்பது எண்டு போடு. கனக்கக் கேட்டவங்களுக்குக் கனக்கத்தானே தருவாங்க."

பின்னால் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. "அவருக்கு ஒம்பது போடாத புள்ள. அவரு அந்த நேரம் வயல் வட்டைக்குள்ள நெல்லுக் காவலுக்குப் படுத்துக் கிடந்தவரு. எனக்குத்தான் ஒம்பது."

மக்கள் என்னிடம் மனம் திறக்கிறார்கள் என்று நான் பூரித்துப்போனேன். ஒரு பெரியம்மா அநேகமாக எல்லாக் கேள்விக்கும் 'ஓம்' என்று சொல்லிவிட்டு, பச்சை நிறப் பானை இருந்தால் தனக்கு எடுத்துவைக்கச் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இருபத்தேழாம் ஆளாக வந்து உட்கார்ந்தவர் பூமணி மாமி. அம்மாவின் அண்ணனுடைய மனைவி. "உங்கள் குடும்பத்தில் எவரேனும் ஆயுத இயக்கத்தில் இருந்ததுண்டா?" என்பது நாற்பத்தோராம் கேள்வி. இருபத்தாறு பேரும் தலையாட்டி மறுத்த கேள்வி. பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் இது என்று நம்பிய மாமி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ரியூசனுக்குப் போன வழியில் மகன் சுதனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, இரண்டு வருடத்தில் அவன் தப்பி வந்தது, இப்போது வாழைச்சேனைத் துறைமுகத்தில் வேறு பெயரில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பது, தங்கியிருக்கும் வீடு, எல்லாம். நான் ஒரு சொல் விடாமல் எழுதினேன். சுதன் எனக்கு மச்சான். அவனோடு மாங்காய்க்குச் சண்டை பிடித்தவள் நான். ஆனால் அந்த நேரம் அவன் எனக்கு ஒரு தரவு.

"இதுக்கு என்ன புள்ள தருவாங்க?"

"ஒன்றும் தர மாட்டார்கள், மாமி. இது அறிவுக்கு நீங்கள் செய்யும் பங்களிப்பு."

மாமி என் முகத்தையே பார்த்தார். "அப்ப இது சாமான் லிஸ்ட் இல்லையா? ஆரு இதப் பாக்கிற?"

"பேராசிரியர்கள், விஞ்ஞானிகள், ஓய்வுபெற்ற ஒரு படை அதிகாரி..."

"புள்ள, அத இஞ்ச தா."

பெயர் எழுதிய தாள் எங்கள் ஊரில் இரண்டு வேலை செய்யும். ஒன்றில் சாமான் வரும், மற்றதில் ஆள் போகும். போன ஆளைத் தேடித் தாய்மார் முகாம் வாசல்களில் நின்றதை நானும் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? ஆய்வில் இரகசியம் பேணுவது எப்படி என்று மாமிக்குச் செந்தமிழில் கால்மணி நேரம் விளக்கினேன். படிவத்தைக் கொடுக்கவில்லை. மாமி அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. எழுந்து அடுப்படிக்குள் அம்மாவிடம் போனார். நான் என் சதவீதங்களைப் பார்க்கப் போனேன்.

கொழும்பில் மண்டபம் குளிர்ந்து கிடந்தது. முதலில் விஞ்ஞானி ஒருவர் வளைகோடுகளைக் காட்டி, பயங்கரவாதம் டெங்குக் காய்ச்சலைப்போலப் பரவுகிறது என்று நிறுவினார். அடுத்து இலக்கியப் பேராசிரியர், தமிழர், மெய்ப்பாடுகள் எட்டில் அச்சம் எத்தனையாவது என்பதில் தொடங்கி, நாவலில் வெடிக்கும் குண்டு உண்மையில் குண்டே அல்ல என்பதில் முடித்தார். மூன்றாவதாக அந்த அதிகாரி. பெரிய வரைபடத்தில் சிவப்பு அம்புகள். எங்கள் வாவி ஒரு நீலத் திட்டாகக் கிடந்தது, அதன் மேல் 'தடை' என்று எழுதியிருந்தது. நாங்கள் இறால் பிடிக்கிற தண்ணீருக்கு இப்படியும் ஒரு பெயர் உண்டென்று அன்றுதான் அறிந்தேன். மூவரில் ஒருவர்கூட எங்கள் பக்கத்து ஆள் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டவள் நான்தான் என்ற திமிரோடு மேடை ஏறினேன்.

நன்றாகத்தான் பேசினேன், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசியில் பெயர் சொல்லாமல் 'ஒரு தாய்' என்று மாமியின் கதையைச் சொன்னபோது மண்டபம் அசையாமல் கேட்டது. புலமைப்பரிசில் என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது அதிகாரி மிகவும் மரியாதையாக, அந்தத் தாயின் படிவத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். எழுதவே வெட்கமாக இருக்கிறது. கொடுக்கக்கூடாது என்ற எண்ணம் எனக்கு அந்தக் கணத்தில் வரவே இல்லை. பையிலிருந்து படிவக் கட்டை எடுத்து, பரிசு கொடுப்பவள்போல மேசையில் வைத்தேன்.

அவர் கட்டியிருந்த நூலை அவிழ்த்தார். தமிழ் வாசிக்க வராததால் பேராசிரியரிடம் நீட்டினார். பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார்: "ஐயா, கடல் எங்கள் வள்ளத்தையும் இரண்டு தையல் மெசினையும் ஏழு ஆட்டையும் கொண்டுபோய்விட்டது."

அம்மாவின் கையெழுத்து. சுனாமிக்குப் பிறகு நிவாரணம் கேட்டு அம்மா எழுதிக் குவித்த விண்ணப்பங்களின் பிரதிகள். (எங்களிடம் வள்ளமே இருந்ததில்லை. அப்பா தபால்காரர், பாதைப்படகில் வாவியைக் கடந்தாலே வாந்தி எடுப்பவர்.) அடுத்த தாளில் தையல் மெசின் மூன்று, ஆடு பன்னிரண்டு. அதற்கடுத்ததில் ஆடு இருபத்தொன்று. மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. விஞ்ஞானி மட்டும், ஆடுகள் என்ன வேகத்தில் பெருகியிருக்கின்றன என்று குறித்துக்கொண்டார். என் காதிரண்டும் கொதித்தன.

அதிகாரி சிரிக்கவில்லை. "கட்டு மாறிவிட்டது போலிருக்கிறது, பரவாயில்லை. உங்களுக்கு நினைவிருக்கும்தானே. அந்தத் தாய் எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அந்தப் பேனாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மாமி ஏன் படிவத்தைக் கேட்டார், அடுப்படியில் என்ன முடிவானது, நான் எவ்வளவு பெரிய மடைச்சி என்பது.

"தெரியாது" என்றேன்.

"மகன் இப்போது எங்கே?"

"தெரியாது."

கருத்தரங்கின் தலைவர் குறுக்கிட்டார். "நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?"

ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த நான் எந்த இடத்தில் ஊர்த் தமிழுக்குத் தாவினேனோ, வாய் தானாகச் சொல்லியது. "தெரியா."

"அப்படியானால் பயங்கரவாதத்தைப் பற்றி உங்களுக்கு என்னதான் தெரியும்?" என்றார் தலைவர்.

"பேப்பரும் பேனையுமா வந்து கேள்வி கேக்கிற ஆளக் கண்டா எங்கட ஊரில பயப்பிடுவாங்க. அது தெரியும். நானும் அப்பிடித்தான் போய் நிண்டன். இப்ப எனக்கும் பயமாத்தான் கிடக்கு. ஆனா சொல்ல மாட்டன்."

பேராசிரியர் அதை மொழிபெயர்க்கவில்லை. நான் அம்மாவின் விண்ணப்பங்களைப் பொறுக்கி, ஆடுகள் ஒன்றும் தவறாமல் அடுக்கி, நூலால் கட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் மாமியும் முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். படிவங்கள் எங்கே என்று கேட்டேன். அம்மா அடுப்பைக் காட்டினார்.

"என்னை நம்பலயா அம்மா?"

"நீ காட்டிக் குடுக்கிற புள்ள இல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆனா நல்ல மாதிரியாக் கேட்டா நீ விளங்கப்படுத்த வெளிக்கிட்டிருவாய்."

டெங்கு வளைகோட்டுக்குத்தான் பரிசு கிடைத்தது. நான் கலாநிதி ஆகவில்லை, பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். இதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அதே மேடையில் நாளை ஏற்றினாலும் அதையேதான் சொல்வேன். கதை எப்படியோ ஊருக்குள் பரவி, கல்யாண வீடுகளில் நான் நுழைந்ததும் "டொக்டர் தெரியா வாறா, நாற்காலி போடுங்க" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. சண்டை முழுவதும் முடிந்து மறுவருடம், பூமணி மாமி வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "வாய இறுக்கி வைச்சிருக்கத் தெரிஞ்ச மருமகள் எனக்கு வேணும்" என்றார். எங்கள் பக்க வழக்கப்படி அம்மாவின் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. மாப்பிள்ளையாகச் சுதன் அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தான்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். கையில் சிலேட்டு போன்ற கணினி. போருக்குப் பிந்திய ஆய்வாம், நல்ல பிள்ளை, நல்ல செந்தமிழ். தேத்தண்ணி கொடுத்தேன். வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில் என்றெல்லாம் கேட்டாள், சொன்னேன். உள்ளே சுதன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான்.

"உங்கள் கணவர் போர் நடந்த காலத்தில் எங்கே இருந்தார்?"

உள்ளே துருவும் சத்தம் நின்றது.

"தெரியா" என்றேன்.

சத்தம் திரும்பவும் தொடங்கியது.