குசினி மூலையில் நின்ற மெசின்

ஸ்கந்தபுரத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற தில்லைநாதனுக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. எந்தக் குயவனாலும் கையால் வனைய முடியாத பூச்சாடியைத் தான் செய்வதென்று முடிவெடுத்தார். பழைய மோட்டர், குழாய், மகளின் கொம்பியூட்டர் எல்லாவற்றையும் பூட்டி ஒரு மெசினையும் எழுப்பிவிட்டார். குழாய்க்குள் களிமண்ணை அடைத்தால் அது நூலாகப் பிழிந்து, படைமேல் படையாக அடுக்கும். முறுக்கின இடுப்பு, வலைக்கண் வயிறு, உள்ளுக்குள் இன்னொரு சாடி, எது கேட்டாலும் வரும்.

வரவேண்டும். மூன்று நாளாக வந்தது சாணிக் கும்பி மாதிரிச் சரிந்த மண்தான்.

மெசின் நின்றது குசினி மூலையில். இருபது வருசமாகச் சாப்பாட்டுக்கு மட்டும் அந்தப் பக்கம் வந்த மனுசன், இப்போது அங்கேயே குடியிருந்தார்.

"இஞ்சருங்கோ," என்றாள் மனைவி பத்மாசனி. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சாடி நிமிர்ந்து நிக்க வேணும். இல்லையெண்டால் உந்தச் சாமான் மாட்டுக்கொட்டிலுக்குப் போகும்."

"நிண்டால்?"

"நிண்டால் மூலை உங்களுக்கு. நான் வாயே திறக்கமாட்டன்."

மாட்டுக்கொட்டில் ஒழுகும். ஒரு மழைக்கு மோட்டர் செத்துப்போகும்.

நாலாவது சாடியும் இடுப்போடு சரிந்த அன்று பின்னேரம், பத்மாசனி இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். இடியப்ப உரலுக்குள் மா. கீழே ஓட்டை. தட்டில் சுற்றிச் சுற்றி நூல். அட, இவளும் அதே வேலையைத்தானே செய்கிறாள். ஆனால் இவளுடையது சரியவில்லை. சூட்சுமம் குழையலில்தான் இருக்கிறது. நேரே கேட்டால் மானம் போகும்.

"பாவம், உமக்குக் கை நோகும். நாளையிலயிருந்து நான் குழைக்கிறன்."

"உங்களுக்கு ஏனப்பா கரைச்சல்?"

"சும்மா ஒரு உதவிதானே."

"அப்ப கொதிதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ. மா விரலில ஒட்டக்கூடாது, வெடிக்கவும் கூடாது. பிழிஞ்சும் பாருங்கோ, அப்பதான் பதம் பிடிபடும்."

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாளே என்று உள்ளுக்குள் சிரித்தார். இரண்டு பின்னேரம் குழைத்தார், பிழிந்தார், அவித்தார். முதல்நாள் இடியப்பம் கயிறு. மறுநாள் பஞ்சு.

வெள்ளிக்கிழமை காலை வாளிக் களிமண்ணைக் கிள்ளிப் பார்த்தார். விரலில் ஒட்டியது. காய்ந்த மண்தூளைத் தூவி, இடியப்ப மாப் பதத்துக்கு அடித்துக் குழைத்து மெசினில் அடைத்தார். மத்தியானம் சாடி முறுக்கின இடுப்போடு மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. தில்லைநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீரே. மூலை எனக்கு."

"ஓம், உங்களுக்குத்தான். நல்ல வடிவாயிருக்கு. இடியப்ப உரலையும் அந்த மூலையிலயே வைச்சிருக்கிறன். இரவைக்கு அண்ணை குடும்பம் வருகுது, ஒரு அறுபது பிழியுங்கோ."

"என்ன கதை இது? நான் களிமண் பதம் பழகத்தான் மா குழைச்சனான்."

"தெரியும். அதுக்குத்தானே நாள் தவறாமல் உங்கட களிமண் வாளிக்குள்ள ஒரு செம்பு தண்ணி ஊத்தினனான்."