தையல் ஆறாத வார்டு

சிரஞ்சீவி பஞ்சாபகேசனுக்கு, உன் அத்திம்பேர் சாம்பசிவன் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் குழந்தைகளும் சௌக்கியம்தானே? என் சௌக்கியத்தை நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

குடலிறக்கத்துக்குக் கத்தி வைத்தார்கள். நன்றாகத்தான் வைத்தார்கள். ஆனால் தையல் ஆறாமல் சீழ் கோத்துக்கொண்டுவிட்டது, எனக்கு மட்டுமா, பக்கத்துக் கட்டில் வேலப்பன், ஆரியசாலையில் மிளகாய் மண்டி வைத்திருக்கிறவர், மூலத்துக்கு வந்தவர், அவருக்கும் சீழ், எதிர்வரிசை முழுக்கச் சீழ், வீட்டிலிருந்து கொண்டுவந்த வியாதி போதாதென்று ஆஸ்பத்திரியும் தன் பங்குக்கு ஒன்று கொடுக்கிறதடா! டாக்டர் சத்தியநேசனோ, "இது எங்கேருந்து வருதுன்னு பிடிக்காம ஒருத்தரையும் விடமாட்டேன், கேட்டோ" என்று உட்கார்ந்துவிட்டார். வருகிற முகூர்த்தத்தில் விஜயத்துக்குக் கல்யாணம். பெண்ணைத் தொடையில் உட்கார வைத்துத் தாரைவார்க்க வேண்டிய தகப்பன் இங்கே மல்லாந்து கிடக்கிறேன். நினைத்தால் அழுகை வருகிறது.

நர்ஸ் ஓமனா தினம் காலையில் கட்டில் கட்டிலாக வந்து கட்டை அவிழ்த்து, குனிந்து முகர்ந்து பார்த்து, "அய்யோ கஷ்டம்!" என்கிறாள். சந்தேகப்பட்டு முதலில் பூச்சாடியை எடுத்தார்கள், பிறகு ஜன்னல் திரையை எடுத்தார்கள், பிறகு வார்டு சிப்பந்தியின் தாடியையே எடுத்துவிட்டார்கள், பாவம், அவன் பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியவில்லையாம். சீழ் மட்டும் போகவில்லை. இந்த அமளியில் சுத்தம் என்று சொன்னால் உன் அக்கா சரஸ்வதி ஒருத்திதான். யார் யாரோ தொட்ட துணி உடம்பில் இருக்கலாமா என்று, சாயங்காலம் வந்து ஒருவரும் பார்க்காதபோது அதை அவிழ்த்துவிட்டு, வீட்டுக் கொடியில் உலர்ந்த மடித்துணியைக் கிழித்துக் கட்டிவிடுகிறாள். வேலப்பன், "எனக்கும் ஒண்ணு தாங்க அம்மா" என்று கெஞ்சினார், எதிர்வரிசையும் கெஞ்சிற்று, இவள் இளகின மனசுக்காரி, கிட்டே போகாமல் எட்ட நின்று எல்லாருக்கும் வீசிவிடுவாள், அவரவர் கட்டிக்கொள்வார்கள். காலையில் ஓமனா வருமுன் ஆஸ்பத்திரிக் கட்டையே திரும்பப் போட்டுக்கொண்டுவிடுவோம். நாங்கள் கழற்றிய மடித்துணியை உன் அக்கா பாழாக்குவாளோ, கிணற்றடியில் அலசி மறுபடி கொண்டுவந்துவிடுவாள்.

ஆகையால் வக்கீலாகிய நீ, இந்த ஆஸ்பத்திரியின் அசுத்தத்தைப் பற்றி மேலிடத்துக்குக் காரமாக ஒரு மனு எழுதி அனுப்பு. பத்மநாப சுவாமி உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். குழந்தைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
சாம்பசிவன்

பின்குறிப்பு: மனு எழுதாதே! எழுதியிருந்தால் கிழித்துப் போடு. இந்தக் கடிதம் தபாலில் சேராமல் தலையணைக்கடியிலேயே கிடந்துவிட்டது; போன வாரம் ஒரு நாள் ஓமனா சாயங்காலமே வந்துவிட்டாள். உன் அக்கா கையும் துணியுமாக அகப்பட்டுக்கொண்டாள். "இது நம்மட துணி அல்லல்லோ!" என்று ஓமனா போட்ட கூச்சல் பழவங்காடி வரை கேட்டிருக்கும். டாக்டர் கோபிக்கவில்லை. "அம்மா, துணியைக் கொதிக்க வெச்சா அதுதான் இங்கே மடி" என்றார். அவ்வளவுதான்! கொதித்த துணியைக் கண்டதும் சீழ் பயந்து ஓடிவிட்டது, ஆனால் வார்டு இப்போது உன் அக்கா ராஜ்யம். வாசலில் நின்றுகொண்டு, "கை அலம்பினேளா?" என்று டாக்டரையே திருப்பி அனுப்புகிறாள். முகர்ந்து பார்ப்பதும் இவள்தான். இன்று காலை டாக்டர், "சாமி, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். நான் துள்ளி எழுந்தேன். உன் அக்கா கட்டைப் பிரித்து, குனிந்து, மூக்கைச் சுளித்து, "ஊஹூம், இன்னும் ஆறலை" என்றாள். டாக்டர் என் காதோரம், "சாமி, நான் விட்டாச்சு, இனி எனக்குப் பொறுப்பில்லே" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.