ஐந்தாம் கட்டத்தில் வர வேண்டிய வேலை

மனிதர்களில் அடுத்த கட்டக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கு அவரைக் கட்டாயம் தெரியும். நீங்கள் உங்கள் பாட்டுக்கு ஒரு நாற்காலியில் சாய்ந்திருப்பதைக் கண்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சரி, இனிமே என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்பார். ஒன்றும் பண்ணுவதாக உத்தேசமில்லை என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். உங்களுக்கு இலக்கு இல்லை என்று முடிவுகட்டி, அதைத் தேடித் தருகிற பொறுப்பைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார். இறக்கி வைக்கச் சொல்லிப் பாருங்கள். மாட்டார்.

வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் அவருக்கு இன்னும் விசேஷம். சித்தப்பாவாக வருவார், மாடி வீட்டுக்காரராக வருவார், பல் பிடுங்கப் போன இடத்தில் உங்கள் வாயைத் திறந்து வைத்துவிட்டு, "பையன் என்ன எடுக்கப் போறான்?" என்று கேட்கிற டாக்டராகக்கூட வருவார். பெரும்பாலோருக்கு இது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. ஒருசிலருக்கு மட்டும் இதுவே உத்தியோகமாக அமைந்துவிடுகிறது. மழைக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை கிடைத்த மாதிரி.

அப்படி உத்தியோகம் வாய்த்த ஒருவரிடம்தான் இந்த அம்மா தன் மகளை ஒப்படைத்தாள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஆவி பறக்க வெளியே வருகிற விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, மடித்து அடுக்க வேண்டும். அப்பா பஸ் ஓட்டுநர். ஒரே மகள். பதினெட்டு வயது. கணக்குப் பதிவியல் படித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் பையைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்றாள். அவளுக்கு அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அப்பாவின் அக்கா. அந்த அம்மாளும் இதே இனம்தான், சம்பளமில்லாத பிரிவு. மகள் சண்டை போடவில்லை, அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. வாரங்கள் போயின. விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த தோழி ஒருத்தி, அம்மாவின் கை தன்பாட்டுக்கு மடிப்பதையும் கண் தன்பாட்டுக்குக் கலங்குவதையும் பார்த்துவிட்டு, இளைஞர் குடும்ப உதவி மையம் என்று ஒன்று இருக்கிறது, கேட்டுப் பார் என்றாள்.

கேட்டாள். அவர் வந்தார்.

மனசார வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழுத்தித் தேய்த்த சட்டை, பளிச்சென்ற சிரிப்பு, தோளில் ஒரு பெரிய பை, அதற்குள் நாலு நிறத்தில் பேனாக்கள், சுருட்டி வைத்த தாள்கள், ஒட்டுவதற்கு நட்சத்திரங்கள். பேச்சுக்குப் பேச்சு "அடுத்த கட்டத்துக்குப் போகலாமா?" என்பார் என்பதால், மகள் முதல் நாளே அவருக்கு அடுத்தகட்டம் என்று பெயர் வைத்துவிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கிண்டல் அது. அந்த வகையில் பார்த்தால், உதவி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. நீங்கள் சொல்வதை ஆழ்ந்து கேட்டு, அதையே உங்களிடம் திருப்பிச் சொல்வார். மகள் சாப்பிடுவதே இல்லை என்று அம்மா சொன்னபோது, சாப்பிடுவதில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்றார். தோன்றவில்லை, தட்டு அதோ இருக்கிறது என்று அம்மா கையைக் காட்டினாள். தட்டு உங்களைப் பாதிக்கிறது என்றார் அவர். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், அம்மாவுக்கு அது இதமாகத்தான் இருந்தது. அவள் சொல்வதை முழுசாகக் கேட்டு முடிக்கிற ஓர் ஆளை அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

திட்டம் தயாராயிற்று. மகளுக்கென்றே பிரத்யேகமாகப் போட்ட திட்டம். ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டப்பட்டது. முதல் கட்டம், தன்னை அறிதல். இரண்டாவது, தன்னம்பிக்கை. மூன்றாவது, விருப்பங்களைக் கண்டடைதல். நான்காவது, தயாராதல். ஐந்தாவது கட்டத்தில், உச்சாணியில், ஒரு சூரியனுக்குப் பக்கத்தில், வேலை. அதோடு விட்டாரா? பெற்றோருக்கும் ஆளுக்கொரு இலக்கு, நிறைவேற்றுகிற நாளில் ஒரு நட்சத்திரம். அப்பா தினமும் மகளோடு மனம்விட்டுப் பேச வேண்டும். அம்மா மகளிடம் "சாப்பிட்டியா" என்று கேட்கவே கூடாது, அது நெருக்கடியாம்.

அப்பா சொன்ன பேச்சைத் தட்டாத மனிதர். நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்து, கைகால் கழுவி, மகளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மனத்தை விடப் பார்ப்பார். அது எங்கே விடுகிறது? இன்றைக்கு ரோடு காலியாக இருந்தது என்பார். மகள் ம் என்பாள். மறுநாள் ரோட்டில் கூட்டம் என்பார். அதற்கும் ஒரு ம். எழுந்து போய் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிவிட்டு அக்கடா என்று படுப்பார். அம்மாவின் பாடுதான் பெரும்பாடு. மகளிடம் கேட்கக்கூடாது, அவ்வளவுதானே என்று, கணவரைப் பார்த்து அடுத்த அறைக்குக் கேட்கிற குரலில், "ஏங்க, சாப்பிட்டீங்களா" என்று வேளாவேளைக்கு விசாரித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டாள். அவரும் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று சத்தமாகச் சொல்லி ஒத்துழைத்தார்.

இந்தச் சமயம் பார்த்து அவர்கள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் படுத்துவிட்டது.

இரண்டு மெக்கானிக்குகள் வந்து கீழ்த்தளத்தில் கதவைப் பிரித்துப் போட்டு, எதையோ அடித்துக்கொண்டும் நிமிர்த்திக்கொண்டும் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். குப்பை கொட்டப் போன மகள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த நாளும் போனாள். டார்ச் பிடித்தாள். இந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும், அந்தச் சக்கரம் எதற்கு என்று கேட்டாள். அவர்களும் சொன்னார்கள்.

அடுத்தகட்டமோ, பாவம், பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி, இரைக்க இரைக்க வந்து, தண்ணீர் குடித்து, இலக்குகளைப் பற்றிப் பேசினார். அவர் பேசும்போது அவள் காது வாசல் பக்கமே இருந்தது. இன்னும் ஐந்து வருஷத்தில் உன்னை எங்கே பார்க்கிறாய் என்று கேட்டார். கீழேயிருந்து சுத்தியல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"கீழே" என்றாள் அவள்.

தாழ்வு மனப்பான்மை, கடுமையான அளவில், என்று அவர் சிவப்புப் பேனாவால் எழுதிக்கொண்டார்.

லிஃப்ட் சரியான அன்று மெக்கானிக்குகள் அவளைத் தங்கள் பட்டறைக்கு வந்து பார்க்கச் சொன்னார்கள். போனாள். மேற்பார்வையாளர் அவள் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, ஒரு பழைய மோட்டாரைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள். மறுபடி மாட்டச் சொன்னார். மாட்டினாள். திங்கட்கிழமையிலிருந்து பயிற்சி ஆளாக வரலாம் என்றார். அன்று அவள் வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமலேயே, நின்றபடியே சாப்பிட்டாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அம்மாவுக்கு உறைத்தது. மையத்து சாரிடம் இதை எப்படிச் சொல்வது?

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எத்தனை தரம் ஐந்து மாடி ஏறியிருக்கிறார் மனுஷன். திட்டத்தில் இரண்டாம் கட்டமே இன்னும் பாதியில் நிற்கிறது. அவர் மனம் ஒடிந்துவிடாதா? கணவனும் மனைவியும் ரகசியமாகக் கலந்து பேசினார்கள். முதலில் மகள் சாப்பிடுகிறாள் என்று சொல்லலாம், அடுத்த தடவை வெளியே போய்வருகிறாள் என்று சொல்லலாம், வேலை விஷயத்தை மெல்ல அவிழ்க்கலாம் என்றார் அப்பா. தங்களையறியாமல் அவருக்கே ஒரு திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. மகள் இந்த நாடகத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் நேராகச் சொல்லிவிட்டாள்.

அவர் சிரித்தார். பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"வேலை அஞ்சாவது கட்டத்துலதானே வருது. நாம இன்னும் ரெண்டாவதுலதான் இருக்கோம்."

திட்டத்தை முந்திக்கொண்டு கிடைக்கிற வேலையில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று நிதானமாக விளக்கினார். தயாராகாமல் போய், அங்கே தோற்றுவிட்டால், மறுபடி எழுந்திருக்க மாட்டாள் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது உண்மையான கவலை. அதனாலேயே அம்மாவுக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்தத் திங்கட்கிழமைதான் தன்னம்பிக்கை முகாமும் ஆரம்பமாகிறது, அதை முடித்துவிட்டு, மூன்றையும் நாலையும் பார்த்துவிட்டு, அப்புறம் வேலைக்குப் போகலாமே, பட்டறையில் நான் பேசிக்கொள்கிறேன் என்று எழுந்தார். வேண்டாம் என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்று பயம் சொல்கிறது என்றார் அவர்.

பேசியும்விட்டார்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் மகளை ஃபோனில் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா, அவசரமில்லை, இப்போதைக்கு வேறொருவரை எடுத்துக்கொள்கிறோம் என்று கனிவாகச் சொன்னார். அவள் ஃபோனை வைத்துவிட்டு, போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அன்று சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பு பாதி மடிப்போடு நின்றது. அம்மா தன் முனையைத் தோழியின் கையில் கொடுத்துவிட்டு, மேலே கட்டியிருந்த ரப்பர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மையத்துக்குப் போனாள். அடுத்தகட்டம் அங்கே ஒரு புதுத் தாளில் யாருக்கோ சூரியன் வரைந்துகொண்டிருந்தார். நடந்ததை அவள் சொன்னாள்.

"உங்களுக்குக் கோபம் வருதுன்னு எனக்குப் புரியுதும்மா."

"வருது சார். அதைத் திருப்பிச் சொல்லாதீங்க. பட்டறைக்கு ஃபோன் பண்ணுங்க."

"நான் அவளோட நல்லதுக்குத்தான்..."

"தெரியும் சார். நீங்க கெட்டவரா இருந்திருந்தா வாசல்லயே நிறுத்தியிருப்பேன். நல்லவரா இருக்கீங்க. அதான் என்னால உங்களை நிறுத்தவே முடியலை."

அவர் வாயைத் திறந்தார். திருப்பிச் சொல்ல அதில் எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது, மூடிக்கொண்டார். அம்மா உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. கடைசியில் அவர் ஃபோனை எடுத்தார். ஆனால் அந்த வாய் எளிதில் வசப்படுகிற வாயா? அந்தப் பெண்ணின் தயார்நிலை குறித்த முந்தைய மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்ததில், என்று ஆரம்பித்தார். அம்மா கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"நான் அவ அம்மா பேசறேன். அவளுக்கு ஒண்ணுமில்லை. நல்லா இருக்கா. திங்கக்கிழமை வருவா."

அந்தப்பக்கத்திலிருந்து, உயரம் என்றால் அவளுக்குப் பயமா என்று கேட்டார்கள். அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். மகளைப் பற்றி இத்தனை மாதத்தில் யாரும் கேட்டிராத உருப்படியான கேள்வி அது என்று அவளுக்குத் தோன்றியது. சரி, வரட்டும், நாங்களே கேட்டுக்கொள்கிறோம் என்றார் மேற்பார்வையாளர்.

பயம் இருக்கத்தான் செய்தது. முதல் தடவை லிஃப்டின் கூரைமேல் நின்றபோது கால் வெடவெடத்ததாம். அதை ஒரு சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். எனக்கும் மலைப்பாதையில் முதல் தடவை வண்டி ஓட்டும்போது அப்படித்தான் என்றார் அப்பா. பிறகு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரம் ஒட்ட அவருக்கு மறந்துபோயிற்று.

அடுத்தகட்டம் என்ன ஆனார்? சில நாள் அவர் முகம் தொங்கித்தான் இருந்தது. ஆனால் இந்த இனத்தை அவ்வளவு சுலபமாகச் சாய்த்துவிட முடியாது. மையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, இரண்டாம் கட்டத்திலிருந்து நேராக ஐந்தாம் கட்டத்துக்குத் தாவிய ஒரு பெண்ணைப் பற்றி உணர்ச்சியோடு பேசினார். அதற்குத் தாவல் முறை என்று பெயரும் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளைக் கட்டாயமாகத் தாவ வைக்கிறார்கள் என்று கேள்வி.

விடைபெற்றுப் போவதற்காகக் கடைசியாக ஒருமுறை வீட்டுக்கு வந்தார். மகளைக் கண்ணெதிரில் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம் தாங்கவில்லை. சுதாரித்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியில் அப்பா நிம்மதியாகச் சாய்ந்திருந்தார். ஓய்வுபெற இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று அவரை அன்போடு விசாரித்தார். அப்பா எழுந்து முகம் கழுவப் போனார். அவர் கிளம்பிப் போகும்வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

இவ்வளவுதான். அவரை நினைத்து நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண் பட்டறையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்தபோது, நல்லது, அப்படியே சாயங்கால வகுப்பில் ஒரு டிப்ளமாவும் முடித்துவிட்டால் பின்னால் உதவுமே என்று உங்கள் மனசுக்குள் ஒரு வரி ஓடிற்றா இல்லையா? ஓடியிருந்தால், அவள் வீடு எங்கே இருக்கிறது என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.