புண்பட்ட ராபர்ட் அண்ணனும் ஆறிப்போன பிரியாணியும்

புண்படுபவர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார், உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். நம்மைப் போலவேதான் பல் தேய்ப்பார், டீ குடிப்பார், கேஸ் சிலிண்டர்காரனிடம் சண்டை போடுவார். மனம் மட்டும் வேறு மாதிரி. பஸ் கூட்டத்தில் மஞ்சப்பையில் எடுத்துப் போகிற பழுத்த தக்காளி மாதிரி. யார் இடித்தாலும் நசுங்கும், யாரும் இடிக்காவிட்டாலும் ஒரு பள்ளத்தில் பஸ் குலுங்கினால் போதும்.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "என் மனசு புண்பட்டது" என்று இவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். "நம்ம ஜனங்க மனசு புண்பட்டுட்ச்சி" என்பார். ஜனங்கள் எப்போது கூடினார்கள், யார் இவரிடம் வந்து முறையிட்டார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கும் புண்படுவார்.

நான் அந்த இனம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெயர் அன்பழகன், ஆரணியில் ஜெராக்ஸ் கடை. என்னை யார் கிண்டல் செய்தாலும் முதலில் சிரிப்பது நான்தான். பரந்த மனம், என்ன செய்வது!

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார் ராபர்ட் அண்ணன். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு கை சிவப்பு, ஒரு கை மாம்பழ மஞ்சள் என்று எப்போதும் நிறத்தோடுதான் திரிவார். எங்கள் தெரு சர்ச்சின் சபைக் கமிட்டியில் மூத்தவர். மேலுதட்டில் ஒரு மீசை, எவ்வளவு சீவினாலும் இடது பக்கம் சற்றே கீழே இறங்கும். அந்த மீசைக்கு அவர் செலவிடுகிற நேரத்தில் இரண்டு புடவைக்கான நூலைச் சாயத்தில் முக்கி எடுத்துவிடலாம்.

ஞாயிறு சாயங்காலமானால் டிவியில் அந்தச் சிரிப்பு நிகழ்ச்சி வரும். ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் ஊரை, தன் சாதிசனத்தை, தன் வீட்டுப் பழக்கத்தைத் தானே கிண்டல் செய்து நடிப்பார்கள். அதைப் பார்க்க ராபர்ட் அண்ணன் வீட்டில்தான் நாங்கள் கூடுவோம், டிவி பெரியது. கோயமுத்தூர்க்காரர் ஒருவர் மரியாதை குறையாமல் "ங்க" போட்டுத் தன் மாமனாரைத் திட்டித் தீர்த்தபோது அண்ணன் சோபாவிலிருந்து கீழே சரிந்தார். திருநெல்வேலிக்காரர் ஒருவர் அல்வா கடை வரிசையில் தன் கல்யாண முகூர்த்தத்தையே தவறவிட்டபோது அண்ணனுக்குப் புரையேறி, அவர் மனைவி எஸ்தர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. "அந்த ஊர்க்காரங்களுக்குக் கோவம் வராதாண்ணா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக் கோவம்? அவங்கள அவங்களே சொல்லிக்கிறாங்க. கலை நைனா, கலை! ரசிக்கத் தெரியணும்" என்றார், கண்ணைத் துடைத்தபடி.

ஆகா, என்ன ஒரு ரசிகர்! இந்த ரசனை சரியாக அடுத்த ஞாயிறு வரை உயிரோடிருந்தது.

அடுத்த ஞாயிறு மேடைக்கு வந்தது எங்கள் ஜெசி. அதே சபை, அதே தெரு. பட்டுக் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் புடவை விரித்துக் காட்டும் வனிதாவின் ஒரே மகள். அந்த மேடையில் ஏற அந்தப் பெண் சென்னையில் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் போட்ட வேஷம் 'சின்ன ஜெபம் மாமா'. விருந்து வீட்டில் இலை போட்டுப் பிரியாணி வைத்துவிட்டார்கள், மாமாவை ஒரு சின்ன ஜெபம் செய்யச் சொல்கிறார்கள். மாமா மழைக்கு நன்றி சொல்கிறார், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்காக வேண்டுகிறார், துபாயில் இருக்கிற தம்பிகளுக்காக வேண்டுகிறார், "கடைசியாக" என்கிறார். எல்லோர் கையும் இலைக்குப் போகிறது. மாமாவுக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. கைகள் திரும்பி வருகின்றன. இப்படியே போய், பூனை ஒன்று கறியைக் கவ்விக்கொண்டு ஓட, மாமா அந்தப் பூனையின் பிரயாணத்துக்காகவும் ஜெபிக்கிறார்.

எனக்கு வயிறு வலித்தது. எஸ்தர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராபர்ட் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்றால் ஜெசியின் உதட்டுக்கு மேல் ஒரு மீசை ஒட்டியிருந்தது, அது இடது பக்கம் சற்றே கீழே இறங்கியிருந்தது.

"டிவிய நிறுத்து" என்றார். நிறுத்தினோம்.

"நம்ம ஜனங்க மனசு புண்பட்டுட்ச்சி" என்றார்.

போன வாரம் கலை என்றீர்களே அண்ணா என்று கேட்கலாமா? கேட்டேன்.

"அது வேற. அவன் அவன் ஊர சொன்னான்."

"இதுவும் அவ தன் சபையத்தானே சொல்றா?"

"அதாம்பா தப்பு! வேத்தாள் சொன்னா தெரியாம சொல்றான்னு உட்டுடலாம். இவ தெரிஞ்சிகினே சொல்றாளே!"

இந்த வாதத்துக்குப் பதில் தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.

ஆனாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ராபர்ட் அண்ணன் கையில் நியாயமே இல்லாமல் போகவில்லை. அந்த நியாயத்தை அவருக்குத் தயார் செய்து கொடுத்தவர் டீக்கடை சுப்பராயலு. மறுநாள் வனிதா வேலைக்குப் போகையில், கடை நிறைய ஆள் இருக்க, "இன்னாக்கா, ஜெபம் முடிஞ்சிதா? பிரியாணி ஆறிகினு கீது!" என்று கத்தினார். கடையே சிரித்தது. அதற்கடுத்த நாளும் கத்தினார். ஒரு வாரம் கழித்து வனிதா அந்த வழியை விட்டுச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள். மகள் டிவியில் கிண்டல் செய்தபோது வராத அழுகை இந்த ஆள் சிரித்தபோது வந்தது அவளுக்கு. எனக்கும் அன்று சுப்பராயலுவின் கழுத்தைப் பிடிக்கலாம் போலத்தான் இருந்தது. அவர் கடை டீ நன்றாக இருக்கும் என்பதால் பிடிக்கவில்லை.

அண்ணன் கமிட்டியைக் கூட்டிவிட்டார். "நம்ம வீட்டுக்குள்ள நாம சிரிக்கலாம், ஊருக்குக் கதவத் தெறந்து வெச்சா ரோட்ல போறவன்லாம் சிரிப்பான்" என்று மேசையைத் தட்டினார். தீர்மானம் இதுதான்: அறுப்பின் பண்டிகையன்று, விருந்துக்கு முன்னால், ஜெசி சபையார் எதிரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி அந்த நிகழ்ச்சியில் நடிப்பதில்லை என்றும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வனிதா பாடகர் குழுவில் நிற்கக் கூடாது.

வனிதா புருஷனைப் பறிகொடுத்த பிறகு வாய்விட்டுப் பேசுவதைக் குறைத்துக்கொண்டவள். அவள் குரல் வெளியே வருகிற ஒரே இடம் அந்தக் குழு. ஜெசிக்கு அது தெரியும். "பரவால்லம்மா, சொல்லிடறேன். எனக்கு வேற வேல கிடைக்கும்" என்று போனில் சொன்னாளாம். ஒரு மீசையின் இடது பக்கத்துக்காக ஒரு பெண்ணின் மேடை காலியாகப் போகிறது. புண்படுபவர் சாதனையைப் பார்த்தீர்களா?

அறுப்பின் பண்டிகை வந்தது. பூசணிக்காயும் வாழைத்தாரும் நெல் மூட்டையும் காணிக்கையாக வந்து, ஏலம் போய், ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள், இலையில் பிரியாணியும் விழுந்தது. அண்டாக்கள் ஆவி விட்டன. நானும் போயிருந்தேன். வருடா வருடம் அண்ணன் அழைப்பார், நானும் அழைப்பை மதிக்கிறவன்.

வனிதா பாடகர் குழுப் பெண்களோடு உட்காராமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஜெசி, தலை குனிந்தபடி. போதகர் எழுந்தார். "முதல்ல ஒரு சின்ன ஜெபம். அப்புறம் ஜெசி ரெண்டு வார்த்தை பேசுவா. அப்புறம் சாப்பாடு" என்றவர், புண்பட்டவரையே கௌரவிக்க நினைத்து, "ராபர்ட் ஐயா, நீங்களே செஞ்சிடுங்க" என்றார்.

நல்ல மனுஷர். யோசித்துத்தான் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் விருந்தாளி, மூடவில்லை. அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்ல முடிகிறது. அண்ணன் மழைக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஏலம் எடுத்தவர்களை ஆசீர்வதிக்கச் சொன்னார். வெங்காயம் உரித்த சகோதரிகளின் கைகளை, கண்ணமங்கலத்திலிருந்து ஆடு பிடித்து வந்த வண்டியை, வண்டியின் டயரை நினைவுகூர்ந்தார். போளூரிலிருந்து வந்தவர்கள் ஜல்தியாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று வேண்டினார். அவர்கள் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்கள், அவர்களைப் பார்க்கிற டாக்டர்கள், டாக்டருக்குப் படிக்கிறவர்கள் என்று வரிசையாகப் போனார்.

"கடைசியாக, ஆண்டவரே…"

பந்தி முழுவதும் கைகள் இலையை நோக்கி நகர்ந்தன.

"…துபாயில் இருக்கிற எங்கள் தம்பிமார்களையும்…"

கைகள் திரும்பி வந்தன.

வனிதாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பாவம், மகளை நினைத்து அழுகிறாள். பிறகு பார்த்தால், கர்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறாள், முகம் சிவந்து போயிருக்கிறது, கர்சீப் தாங்கவில்லை. குழுவில் உச்சக் குரல் எடுக்கிற அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு கொட்டகைத் தகரம் அதிர வெளியே வந்தது. ஏழெட்டு வருடமாக யாரும் கேட்டிராத சிரிப்பு. அதன் பிறகு யாரைப் பிடிக்க முடியும்? எஸ்தர் அக்கா சிரித்தார். கமிட்டி சிரித்தது. போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் முதுகு சிரித்தது.

ராபர்ட் அண்ணன் கண்ணைத் திறந்தார். எதிரே ஆவி அடங்கிப் போன அண்டாக்களைப் பார்த்தார். தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது சாயம் ஏறுகிற மாதிரி மெல்ல அவர் முகத்தில் ஏறியது. "ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஜெசி எழுந்தாள். கொட்டகை அடங்கியது. "ராபர்ட் மாமா, என்ன மன்னிச்சிடுங்க" என்றாள். குரல் நடுங்கியது. "நான் ரொம்பக் கொறச்சி காட்டிட்டேன். வண்டி டயர நான் சேக்கவே இல்ல."

அண்ணன் மீசையைத் தடவினார். இடது பக்கத்தை இரண்டு முறை.

"அது கெடக்குது. எம் மீசை இன்னா அப்டி கோணலாவா கீது?"

"இல்ல மாமா. பசை சரியா ஒட்டல."

"அடுத்த தடவ ஒழுங்கா ஒட்டு" என்றார். அப்புறம், யாரையும் பார்க்காமல், "வனிதா, போயி உன் குழுவோட ஒக்காரும்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவரே சுப்பராயலு கடைக்குப் போய், எல்லார் முன்னாலும் நின்று அவருக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தார். டீ எல்லாம் ஆறிவிட்டது. அதிலிருந்து சுப்பராயலு வனிதாவைப் பார்த்தால் "வணக்கங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இத்தோடு சுபம் என்று முடித்திருப்பேன். ஆனால் அன்று பந்தியில் ஜெசி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்பழகன் மாமா, அடுத்த வேஷம் கெடச்சிட்ச்சி. சர்ச் மணி அடிச்சா வர மாட்டாரு. அண்டா மூடி தெறந்தா வந்துடுவாரு. ஜெபத்துல எல்லாரும் கண்ண மூடிகினா, இவரு மட்டும் எந்த அண்டால பீஸ் ஜாஸ்தின்னு பாத்துகினே இருப்பாரு."

பந்தியே சிரித்தது. ராபர்ட் அண்ணனுக்குப் புரையேறியது. "கலை நைனா, கலை!" என்றார்.

நான் கையிலிருந்த எலும்பை இலையில் வைத்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? என்னைச் சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை, நான் பரந்த மனம் கொண்டவன். ஆனால் மத நல்லிணக்கத்தை மதித்து, அழைத்த வீட்டுக்கெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் போகிற எத்தனை லட்சம் பேர் இந்த நாட்டில் இருக்கிறார்கள்? எங்க ஜனங்க மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும்!

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? பிரியாணிக்கும் ஜெபத்துக்கும் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சரி. உங்கள் வீட்டு விருந்தில், சாப்பாட்டுக்கு முன்னால் பெரியவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று ஜெசி நேற்று என்னிடம் விசாரித்தாள். நானும் உங்கள் வீட்டில் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன், ஞாபகமிருக்கிறதா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை டிவியைப் போடுங்கள்.