அம்பயரின் வெண்கட்டிக் கோடு

மரண வீட்டுக்குச் சிரித்த முகத்தோடு வருகிறவர்களை மட்டக்களப்பில் நான் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் விழாவுக்கு மரண வீட்டு முகத்தோடு வருகிற மனிதர் இந்த வாவியின் இரு கரையிலும் ஒருவர்தான். அவரை எங்கள் அரசாங்கக் கந்தோரில் அம்பயர் என்போம்.

அவர் வாழ்க்கையில் கிரிக்கெட் மட்டையைத் தொட்டவரில்லை. உத்தியோகம், பதிவேட்டு அறைப் பொறுப்பாளர். பழைய கோப்புகளும் அவற்றில் குடியிருந்த கரப்பான்பூச்சிகளும் அவருடைய ஆட்சியில் வரிசை தவறியதில்லை. பட்டம் வந்த காரணம் வேறு. மார்கழியில் எங்களூரில் மழை பிடித்தால் விடாது. ஆகவே கிறிஸ்மஸுக்குக் கந்தோரில் எடுக்கிற ஒளிவிழாவின் விளையாட்டுகள் எல்லாம் மேல்மாடி மண்டபத்துக்குள்தான் நடக்கும். சங்கீதக் கதிரை, யானைக்குக் கண் வைத்தல், கரண்டியில் தேசிக்காய், பார்சல் கைமாற்றுதல். கேக்கும் கட்லட்டும் வரும்வரை நேரம் போக வேண்டுமே என்று நாங்கள் விளையாடினோம். அவரோ வழக்கு விசாரிக்கிற நீதவான் மாதிரி விசிலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நிற்பார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பே சந்தைக்குப் போய் ஒரே அளவில் பன்னிரண்டு தேசிக்காய் தெரிந்தெடுப்பார். அவர் ஒன்றையொன்று ஒப்பிட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் மூன்று பேருக்கு மரக்கறி நிறுத்துக் கொடுத்துவிடுவார். கண் கட்டுகிற துணியை முதலில் தன் கண்ணில் கட்டி, எங்கள் மாடிப்படியில் இறங்கிப் பார்ப்பார். ஒரு வருடம் கால் சுளுக்கிவிட்டது. துணி நல்ல துணிதான் என்று நொண்டிக்கொண்டே சான்று சொன்னார்.

யானைக்குக் கண் வைக்கிற போட்டியில் எப்போதும் எங்கள் பணிப்பாளர்தான் வெல்வார். அது எழுதாத சுற்றறிக்கை. அந்த வருடமும் கண்ணைக் கட்டிக்கொண்டு நேரே போய், மிகச் சரியான இடத்தில் கண்ணை ஒட்டினார். நாங்கள் கைதட்டினோம். அம்பயர் விசில் ஊதினார்.

"சேர், நீங்க துணிக்குக் கீழால பாத்தீங்க," என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

பணிப்பாளர் சிரித்துச் சமாளித்தார். அம்பயர் சிரிக்கவில்லை. துணியைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டி மறுபடி அனுப்பினார். இரண்டாம் தடவை அந்தக் கண் பக்கத்துச் சுவரில் தொங்கிய கலண்டரில் போய் ஒட்டிக்கொண்டது. அம்பயரை இடமாற்றம் கொடுத்து வாகரைக் காட்டுப் பக்கம் தூக்கி அடிக்கப் போகிறார்கள் என்று ஒரு மாதம் கதை உலாவியது. அடிக்கவில்லை. பதிவேட்டு அறையில் எது எங்கே இருக்கிறதென்று வேறு யாருக்கும் தெரியாது.

கல்லடியிலிருந்து வருகிற எழுதுவினைஞர் டேவிட், ஒன்றும் யோசிக்காமல், தன் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு விளையாட்டு நடத்தித் தரச்சொல்லி இவரைக் கூட்டிப்போனார். பாட்டு நிற்கும்போது பார்சல் யார் கையில் இருக்கிறதோ அவர் வெளியே. முதல் சுற்றில் பார்சல் பிறந்தநாள் பிள்ளையின் கையில் இருந்தது. அம்பயர் பிள்ளையை வெளியேற்றினார். டேவிட் வந்து, இன்றைக்கு அவளுடைய நாள், விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். "பிள்ளைக்குச் சட்டம் விளங்கிட்டு. உங்களுக்குத்தான் விளங்கல்ல," என்றார் அம்பயர். உண்மையாகவே பிள்ளை அழவில்லை. அம்பயரின் பக்கத்தில் நின்று, விருந்துக்கு வந்த மற்றப் பிள்ளைகளை மிகுந்த சந்தோஷத்தோடு வெளியேற்றிக்கொண்டிருந்தாள்.

இனி ரஞ்சினி மிஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தபால் பிரிவில் இருந்தவர். கந்தோரில் ஆகச் சத்தமாகச் சிரிக்கிறவர் அவர்தான். ஒரு தை மாதம் அவருடைய கணவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு வெள்ளைச் சேலை. பேச்சும் 'ஓம்', 'வாறன்', 'போறன்' என்று மூன்று சொல்லோடு சரி. நாங்கள் அவருடைய வேலையைப் பறித்துச் செய்தோம், தேத்தண்ணியை மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவர் வந்தால் பேச்சைத் தாழ்த்தினோம். கார்த்திகையில், முன்கூட்டியே ஓய்வுபெறுவதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். ஆட்களின் கோப்புகள் எல்லாம் என் மேசையில்தான். ஏன் மிஸ் என்று கேட்டேன்.

"வீட்ட இருந்தா ஆரும் என்னைப் பாவம் பாக்கமாட்டாங்க கா," என்றார்.

அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாருமில்லை. போனால் கதவைச் சாத்திக்கொள்வார், பிறகு திறக்கவே மாட்டார் என்று எனக்குப் பயம். வருட முடிவில் விண்ணப்பம் கொழும்புக்குப் போய்விடும். அதுவரை மேசை லாச்சியில் வைத்து, தினமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி ஒளிவிழா அல்லவா என்று நான்தான் அவரை வற்புறுத்தி மண்டபத்துக்குக் கூட்டிவந்தேன். ஆண்டுத் திவசம் முடிய இன்னும் ஒரு மாதம் கிடக்கிறதே என்று இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். பெண்களாகிய எங்களுக்கான சங்கீதக் கதிரை தொடங்கியபோது அவரையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டோம். அத்தோடு, அவரை வெல்ல வைப்பதென்று எங்களுக்குள் கண்ணாலேயே ஒரு தீர்மானமும் நிறைவேற்றிக்கொண்டோம்.

அம்பயரின் சங்கீதக் கதிரைக்கு இரண்டு சட்டம். ஒன்று, பாட்டைப் போட்டு நிறுத்துகிறவர் எங்களைப் பார்க்கக் கூடாது. ஆகவே போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வாவிப் பக்க யன்னலைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நிற்பார். மற்றது, ஒவ்வொரு கதிரையின் நடுவிலும், கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியால் தடித்த கோடு. இரண்டு பேர் ஒரே கதிரையில் விழுந்தால், கோடு யாருடைய உடுப்பில் பட்டிருக்கிறதோ அவருக்கே கதிரை. சுற்றுக்குச் சுற்று உடுப்பைத் தட்டிவிட்டுத்தான் நிற்க வேண்டும்.

பாட்டு நின்றது. நாங்கள் எல்லோரும் மெல்ல ஒதுங்கினோம். ரஞ்சினி மிஸ் உட்கார்ந்தார். இரண்டாம் சுற்றும் அப்படியே. மூன்றாம் சுற்றில் அம்பயர் பாட்டை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டியபடியே சற்று நேரம் நின்றார். பிறகு திரும்பினார்.

"கதிரைச் சத்தம் கேக்கல்ல. ஆரும் ஓடல்ல," என்றார். "ரஞ்சினி மிஸ் விளையாட வந்திருக்கா. நீங்க துக்கம் விசாரிக்கிறீங்க. முதல்ல இருந்து தொடங்குங்க."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆத்திரமும் வந்தது, இந்த மனிதனுக்கு ஈரல் கல்லா என்று. ரஞ்சினி மிஸ் மட்டும் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது விளையாட்டு. முழங்கை இடித்தது, செருப்பு பறந்தது. கடைசியில் ஒரே கதிரை. நானும் ரஞ்சினி மிஸ்ஸும் மட்டும். பாட்டு நின்றதும் இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தோம். எங்களை எழுந்து திரும்பி நிற்கச் சொன்னார் அம்பயர். என் அரக்குச் சேலையில் கோடு பளிச்சென்று இருந்தது. அவருடைய வெள்ளைச் சேலையில் ஒன்றும் தெரியவில்லை.

"ரஞ்சினி மிஸ் அவுட்."

"நான்தான் முதல் இருந்தன். வெள்ளையில வெள்ளை எப்பிடித் தெரியும்?" என்றார் ரஞ்சினி மிஸ்.

"தெரியாத சாட்சியத்த நான் எடுக்க ஏலாது."

பதினொரு மாதம் வாய் திறக்காத மனுஷி, பாதிக் கதிரைக்காகக் கால்மணி நேரம் வாதாடினார். அம்பயர் ஒவ்வொரு வாதத்தையும் தலையைக் குனிந்து கேட்டு, ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்தார். கட்லட் ஆறிப்போனது. ஒருவரும் அசையவில்லை.

அடுத்த நாள் காலை ரஞ்சினி மிஸ் கந்தோர்த் தாளில் முறைப்படி ஒரு மேன்முறையீடு எழுதிப் பதிவேட்டு அறைக்கு அனுப்பினார். மூன்றாம் நாள், கோப்பு இலக்கம் போட்டுப் பதில் வந்தது. 'மேற்படி விடயம் தொடர்பான தங்கள் மேன்முறையீடு கிடைக்கப்பெற்றது. முடிவில் மாற்றமில்லை. அடுத்த வருடப் போட்டிக்கு, சாட்சியம் தெளிவாகத் தெரியும் நிறத்தில் உடுத்துச் சமுகமளிக்கவும்.'

என் மேசைக்கு முன்னால் நின்று அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கையை நீட்டினார்.

"என்ட விண்ணப்பத்தத் தாங்க கா. ஓய்வில போனா இந்த மனிசன் அடுத்த வருசம் விளையாட விடமாட்டாரு. சட்டம் பறைவாரு."

லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஒளிவிழாவுக்கு முன் ஓய்வில் போனவர் அம்பயர்தான். அவர் இல்லாமல் கதிரையில் இருக்கமாட்டேன் என்று ரஞ்சினி மிஸ் ஒற்றைக்காலில் நின்றார். ஆள் அனுப்பினோம். ஓய்வுபெற்றவர் விளையாடக் கூடாது, ஆனால் நடுவருக்கு வயதெல்லை இல்லை என்று ஒரு நாள் முழுக்க யோசித்து முடிவெடுத்து, அமிர்தகழியிலிருந்து கொட்டும் மழையில் பஸ் ஏறி வந்தார். ஆள் தொப்பலாக நனைந்திருந்தார். வெண்கட்டிப் பெட்டி மட்டும் பொலித்தீன் பைக்குள் காய்ந்திருந்தது.

ரஞ்சினி மிஸ் கடும் நீலச் சேலையில் வந்தார். அம்பயர் சேலையை ஒருமுறை பார்த்து, சாட்சியத்துக்கு ஏற்றது என்பதுபோல் தலையாட்டிவிட்டு, யன்னல் பக்கம் திரும்பிப் பாட்டைப் போட்டார்.

முதல் சுற்றிலேயே ரஞ்சினி மிஸ், இன்னொருவர் விழுந்த கதிரையின் ஓரத்தில் போய் விழுந்தார். விசில் ஊதுவதற்குள் தானே எழுந்து, சேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு இல்ல. அவுட்தான்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பழைய சிரிப்பு. கீழே வாசலில் நின்ற காவலாளி என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்தார்.

கேக் சாப்பிடும்போது அம்பயரிடம் மெல்லக் கேட்டேன், நிறச் சேலை என்று வேண்டுமென்றுதானே எழுதினீர்கள் என்று. "சாட்சியம் தெரியணும் மிஸ்," என்றார், அதே மரண வீட்டு முகத்தோடு.

அந்த மனிதரில் எங்களுக்கு எவ்வளவு அன்பு என்று இதுவரை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் சாட்சியம் கேட்பார். கேட்டால் காட்டுவதற்குத்தான் இதை எழுதி வைக்கிறேன்.