ரிஜெக்ட் சாரும் தோல் அட்டையும்

"நவம்பர், செவ்வாய் மாலை. மலரின் முகப்பு ஓவியப் பரிசீலனை. வந்தவை ஒன்பது. தேறியது எதுவுமில்லை." கல்லூரி மாணவர் மலர்க் குழுவின் செயலாளராக நான் எழுதிவைத்த குறிப்பு இது. வருஷம் இருந்த இடத்தில் மை அப்பியிருக்கிறது. எழுபத்தெட்டு என்பது என் கணக்கு. அந்த மை அங்கே வந்ததற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம்.

ரிஜெக்ட் சாரைப்போல் இத்தனை நம்பிக்கையோடு இத்தனை தவறாக வாழ்ந்தவர் வாணியம்பாடி முதல் வேலூர் வரை வேறொருவர் கிடையாது. ஆம்பூரில் எங்களுக்கு விலங்கியல் நடத்தினார். அதற்கு முன்பு ஒரு தோல் தொழிற்சாலையில் ஆறு மாதம், தோலைத் தரம் பிரிக்கும் மேஜையில் வேலை பார்த்தாராம். அந்த ஆறு மாதத்திலிருந்து அவர் வெளியே வரவேயில்லை.

தரம் பிரிப்பவர்கள் தோலை முதலில் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பார்கள். கட்டைவிரலால் தேய்ப்பார்கள். பிறகு சாக்பீஸால் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று குறிப்பார்கள். தேறாதது ரிஜெக்ட். சார் இந்த முறையை உலகத்துக்கே விரிவுபடுத்தினார். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ். கேன்டீன் வடை, கல்யாணப் பத்திரிகை, பிரின்சிபால் சுற்றறிக்கை எல்லாவற்றையும் திருப்பிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரித் தட்டையும் திருப்பினார். கேசரி ஜமக்காளத்தில் விழுந்தது. அதன் பிறகு அந்த ஊர்ப் பக்கம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

இப்படிப்பட்டவரை மலருக்கு ஆலோசகராகப் போட்டார்கள்.

ஓவியம் வரைந்தவர்களில் ஆல்பர்ட் ஒருவனுக்குத்தான் இது விளையாட்டல்ல. அவன் அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போடுகிற வேலை. மகன் கை அந்தத் தொட்டிக்குள் போகக்கூடாது என்பதுதான் வீட்டில் இருந்த ஒரே திட்டம். மெட்ராஸில் ஒரு செருப்புக் கம்பெனி, டிசைன் பிரிவுக்கு ஆள் எடுத்தது. அச்சில் வந்த வேலை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆல்பர்ட்டுக்கு மலரின் முகப்பை விட்டால் வேறு கதியில்லை. மலர் வெளியீட்டுக்கு மறுநாள் இன்டர்வியூ.

அவன் வரைந்தது பரீட்சை ஹால் வாசலில் விட்டுப்போன செருப்புகள். மேலே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டு, மலரின் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தான். எனக்குப் பார்த்ததும் பிடித்தது. சார் அதை வாங்கி, வழக்கம்போல் பின்பக்கம் பார்த்தார். மடக்கிக் காதருகே வைத்து ஓசை கேட்டார். தோல் பார்ப்பவர்களைப்போல் வடக்கு ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார்.

"இன்னாப்பா இது, வயித்துப் பக்கம் தொளதொளன்னு கெடக்குது."

"சார், இது பேப்பர் சார். தோலுக்குத்தான் வயித்துப் பக்கம். பேப்பருக்கு ஏது வயிறு?" என்றான் ஆல்பர்ட்.

"அதான் கோளாறே. பேப்பர்ல இது ரிஜெக்ட். தோல்ல போட்டா செகண்ட் வரும்."

அட்டையை உண்மையான தோலில் அச்சடிப்பது என்ற யோசனை இப்படித்தான் பிறந்தது. வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர் சிரித்திருப்பார். ஆம்பூரில் பிறந்தவன் ஒவ்வொருவனுக்கும் தோலைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. ஒருவரும் சிரிக்கவில்லை. தோலைப் பிளக்கும்போது அடியில் கிடைக்கும் மட்டமான அடுக்கை ஒரு தொழிற்சாலை முதலாளி இலவசமாகக் கொடுத்தார். அச்சகத்து பாய்கூட உற்சாகமாகிவிட்டார்.

"மை காய கொஞ்சம் டைம் ஜாஸ்தி ஆவும் சார். கொடியில தொங்கவிட்டுடலாம்."

"தொங்கவிட்டா சுருங்கிடும் பாய். தோலப் பத்தி எனக்கே சொல்றீங்களா? ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, மேல கல்லு வைங்க. தொழிற்சாலையில அப்படித்தான் செய்வாங்க."

தொழிற்சாலையில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அங்கே தோலின்மேல் ஈர அச்சு மை இருப்பதில்லை.

வெளியீட்டு நாள் காலையில் கல்லை எடுத்தபோது மலரின் அட்டைகள் ஒரே கட்டியாக இருந்தன. பாயும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிரித்தோம். என் குறிப்பேட்டில் அப்பியது அந்த மைதான். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் அடுத்த அட்டையின் செருப்புகள் தலைகீழாக ஒட்டியிருந்தன. முன்பக்கத்தில் செருப்பு எது, எழுத்து எது என்று சொல்ல முடியவில்லை. தோலின் வாசனைக்குத் தெருநாய்கள் கேட் அருகே கூடிவிட்டன. சிறப்பு விருந்தினர் முதல் பிரதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எழுந்தபோது வேட்டியில் இரண்டு செருப்புகள் பதிந்திருந்தன, இரண்டும் இடது கால்.

ரிஜெக்ட் சார் அசையவில்லை. மையில் எண்ணெய் ஜாஸ்தி என்றார். கல் எடை கம்மி என்றார். பாயின் மெஷின் மேல் பழி போட்டார், நவம்பர் மாதத்தையே குறை சொன்னார். தன்னை மட்டும் அவர் திருப்பிப் பார்த்துக்கொள்ளவில்லை. பாய் என் காதில், "இந்த ஆளோட பெரிய பேஜாரு தம்பி" என்றார்.

ஆல்பர்ட் கறைபட்ட அட்டை ஒன்றையும் தான் வரைந்த மூலப் படத்தையும் நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மீதி, ஆல்பர்ட் சொன்னது. மறுநாள் காலை ரயிலில் எதிர் சீட்டில் சார் உட்கார்ந்திருந்தாராம். "எனக்கு மெட்ராஸ்ல வேற வேல கீது" என்றாராம். இன்டர்வியூ அறைக்குள்ளும் கூப்பிடாமலே நுழைந்து, மேஜைமேல் இருந்த மாதிரி ஷூவைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாராம்.

அதிகாரி கறைபட்ட அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது?" என்று கேட்டிருக்கிறார். ஆல்பர்ட் வாய் திறக்குமுன் சார் மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்தாராம்.

"படம் ஃபர்ஸ்ட் சார். கெடுத்தது நானு."

ஆல்பர்ட்டுக்கு வேலை கிடைத்தது. இது உறுதி. நியமனக் கடிதத்தை நானே படித்தேன்.

பிறகு சாரிடம் கேட்டேன். "நான் இன்னாத்துக்குய்யா மெட்ராஸ் போறேன்? பல்லு வலின்னு வீட்ல படுத்துனு இருந்தேன்" என்றார். ஓய்வு பெறும் நாள் வரை அதே பதில். அந்த அதிகாரியைத் தேடிப் போனபோது அவர் காலமாகியிருந்தார்.

ஆகவே ரிஜெக்ட் சார் அந்த வார்த்தையைச் சொன்னாரா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன் என்பது மட்டும் சரிபார்க்கப்பட்டது.